அப்பாவோட ஒயின் வியாபாரம், மக கையில: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் ஒரு பதில்ல, அப்பா இறந்த கையோட ஒரு பெரிய ஒயின் எஸ்டேட்ட பொறுப்பெடுத்துக்கிட்ட பிரெஞ்சுப் பொண்ணப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதம், வாட்சாப் எல்லாம் பாத்தா பாதிப் பேரு உங்க வீட்டுக் கதையத்தான் எழுதியிருக்கீங்க. அதனால சமையல், ஜாதகக் கேள்விய அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்த மாசம் இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, எங்க தாத்தா ஆரம்பிச்ச மொத்த வியாபாரம், இப்ப அப்பா பாக்குறாரு. பெரும்பாலும் ஒயின்தான், ஹோட்டலுக்கும் ரெஸ்டாரண்டுக்கும் சப்ளை. நான் ஒரே பொண்ணு. எஸ்பிஎம், ஸ்கூல் கடைசிப் பரீட்சை, முடிச்சதுலேருந்து கணக்கு, ஸ்டாக், கஸ்டம்ஸ் பாரம் எல்லாம் நான்தான், கண்டெய்னர் வந்தா முதல்ல உள்ள ஏறிப் பாக்குறதும் நான்தான். போன வருஷம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சாங்க, அதுலேருந்து பெரியப்பா பசங்க வீட்டுக்கு வர்றது ஜாஸ்தியாயிடுச்சு. "சித்தப்பாவுக்கு அப்புறம் நாங்க பாத்துக்குறோம், நீ கல்யாணம் கட்டிக்கிட்டுப் போற பொண்ணு, இந்த வியாபாரம் பொம்பளைக்கு சரிப்படாது"ன்னு பேசுறாங்க. அப்பாகிட்ட கேட்டா "பாத்துக்கலாம்மா"ன்னு பேச்ச மாத்துறாரு. என்னால நடத்த முடியுமா? (பெயர் வேண்டாம், பட்டர்வொர்த், மலேசியா)

பதில்: முடியும்மா. நீ எழுதுனதப் பாத்தா இப்பவே நீதான் நடத்திக்கிட்டு இருக்க, உன் பேரு மட்டும்தான் எங்கயும் இல்ல.

அந்த பிரெஞ்சுப் பொண்ணு கோரின் மென்ட்ஸெலோபுலோஸ். போர்டோ பக்கத்துல ஷாத்தோ மார்கோன்னு ஒரு எஸ்டேட், 1855ல அந்த ஊரு ஒயினுக்கெல்லாம் தரவரிசை போட்டப்ப முதல் தரத்துல வந்த நாலுல அது ஒண்ணு. ஆனா 1970கள்ல போர்டோ மார்க்கெட் விழுந்தப்ப அத வச்சிருந்த குடும்பம் நொடிஞ்சு போச்சு. கோரினோட அப்பா ஆந்த்ரே, கிரேக்க நாட்டுக்காரரு, பிரான்ஸ்ல பெரிய மளிகைக்கடை கம்பெனி வச்சிருந்தவரு, 1977ல வாங்கிட்டாரு. வாங்குனதும் தோட்டத்துல தண்ணி வடியுறதுக்கு வாய்க்கால் எடுத்தாரு, செத்துப்போன கொடியப் புடுங்கிட்டு புதுசா நட்டாரு, எமீல் பெய்னோங்கிற ஒயின் பேராசிரியரக் கூப்பிட்டு ஆலோசனைக்கு வச்சாரு. போட்ட காசு திரும்பி வர்றதுக்கு முன்னாடியே, 1980ல, இறந்துட்டாரு. மகளுக்கு அப்ப வயசு 27. ஒயின் படிச்சவங்க இல்ல, விளம்பரக் கம்பெனியில வேலை பாத்துட்டு அப்புறம் அப்பா கம்பெனியில கணக்குப் பக்கம் இருந்தவங்க. உன்ன மாதிரியே கணக்கு தெரியும்.

அவங்க செஞ்சதுல எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா, எல்லாம் எனக்குத் தெரியும்னு காட்டிக்கல. அப்பா வச்ச பேராசிரியர அப்படியே வச்சுக்கிட்டாங்க, அப்பா பாதியில விட்ட வேலைய எல்லாம் முடிச்சாங்க, 1983ல போல் போன்டாலியேன்னு ஒரு ஆளக் கொண்டு வந்தாங்க, அவருக்கும் அப்ப வயசு 27தான், 2016ல அவரு இறக்குற வரைக்கும் அங்கயேதான் இருந்தாரு. நடுவுல 90கள்ல பங்கு பெரும்பகுதி இத்தாலியோட அன்யெல்லி குடும்பத்துக்குப் போயிடுச்சு, ஃபியாட் கார் குடும்பம். ஆனாலும் நிர்வாகத்த இவங்க விடல, 2003ல அந்தப் பங்க திரும்ப வாங்கிட்டாங்க. பங்கு கையவிட்டுப் போன காலத்துலயும் நாற்காலி போகலன்னா காரணம், அந்தத் தோட்டத்துல ஒவ்வொரு வருஷமும் என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்ச ஆளு அவங்கதான்.

இந்த மாதிரி எஸ்டேட்டுல முதலாளியம்மா வாழ்க்கைன்னா விருந்தும் வைர நெக்லஸும்னு நம்ம நெனைக்கிறோம். வருஷம் ஓடுறது எப்படின்னா, குளிர்காலத்துல கொடி வெட்டுறது, ஏப்ரல்ல துளிர் விடுறப்ப பனி விழுந்துடுமோன்னு ராத்திரி தூக்கம் இல்லாம இருக்கிறது, செப்டம்பர்ல மழைக்கு முன்னாடி அறுவடையா பின்னாடியான்னு முடிவு பண்றது. அதுக்கப்புறம்தான் பெரிய முடிவு. ஒவ்வொரு பகுதித் தோட்டத்து ஒயினையும் தனித்தனியா ருசி பாத்து, எது ஷாத்தோ மார்கோங்கிற பேர்ல போகணும், எது ரெண்டாவது லேபிளுக்குப் போகணும்னு பிரிக்கணும். ரெண்டாவது லேபிள் பேரு பவியோன் ரூஜ், விலை ரொம்பக் குறைவு. எல்லாத்தையும் முதல் லேபிள்லயே ஊத்தி வித்தா அந்த வருஷம் காசு கொட்டும். ஆனா இவங்க தேறாதத ஒதுக்குனாங்க. காசு வர்ற எடத்துல வேண்டாம்னு சொல்ற அந்த வேலைய யாருகிட்டயும் ஒப்படைக்க முடியாது, பேருக்குச் சொந்தக்காரங்கதான் செய்யணும்.

நீயும் அந்த வேலையத்தான் செய்யுற. கண்டெய்னருக்குள்ள ஏறி நீ என்ன பாக்குறன்னு நீ எழுதலன்னாலும் எனக்குத் தெரியும். ஒயின் தூங்குற எடம் 12, 13 டிகிரி இருக்கணும், நம்ம ஊரு துறைமுகத்துல வெயில்ல நின்ன பெட்டிக்குள்ள அதுக்கு மூணு நாலு மடங்கு ஏறிடும், அப்ப உள்ள இருக்கிற ஒயின் விரிஞ்சு கார்க்க மேல தள்ளும். போத்தல் கழுத்துல சுத்தியிருக்கிற உறையத் தடவுனா கார்க் ஒரு நூல் அளவு தூக்கிக்கிட்டு நிக்கிறது விரலுக்குத் தெரியும், சில போத்தல்ல உறைக்கு அடியில பிசுபிசுன்னு கசிஞ்ச கோடு இருக்கும், அட்டைப்பெட்டி அடியில கறை இருக்கும். அந்த சரக்கு வெந்து போச்சுன்னு அர்த்தம், கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பணும். உங்க பெரியப்பா பசங்க யாராவது அந்த சூட்டுல உள்ள ஏறி ஒரு போத்தலையாவது தடவிப் பாத்திருப்பாங்களா?

இனி சட்டத்துக்கு வர்றேன், இது முக்கியம், உக்காந்து படி. முஸ்லிம் அல்லாதவங்க உயில் எழுதாம இறந்தா இங்க 1958ஆம் வருஷத்து பகிர்வுச் சட்டம்தான், 1997ல திருத்துனது. உங்க தாத்தா பாட்டி இப்ப இல்லன்னா, அப்பாவோட சொத்துல அம்மாவுக்கு மூணுல ஒரு பங்கு, மீதி ரெண்டு பங்கு பிள்ளைக்கு, அது நீ ஒருத்திதான். ஆணு பொண்ணுன்னு அந்தச் சட்டத்துல பேதம் இல்ல. அப்பாவோட அண்ணன் பசங்களுக்கு ஒரு காசு கெடையாது. ஆனா ஒரு பொறி இருக்கு. கடை நெலமும் கம்பெனி பங்கும் இன்னும் தாத்தா பேர்லயே கெடக்கா? நம்ம ஆளுங்க நெறைய வீட்டுல அப்படித்தான் கெடக்கும், பெரியவரு போன பின்னாடி யாரும் பேரு மாத்தியிருக்க மாட்டாங்க. அப்படி இருந்தா அது முழுசா உங்க அப்பா சொத்து இல்ல, தாத்தாவோட எல்லாப் பிள்ளைங்களுக்கும் அதுல பங்கு உண்டு, பெரியப்பாவுக்கும் உண்டு, கட்டிக் கொடுத்த அத்தைங்களுக்கும் உண்டு. உங்க அண்ணனுங்க அவ்வளவு தெம்பா வந்து பேசுறதுக்கு அதுகூட காரணமா இருக்கலாம். அதனால முதல்ல நெல ஆபீஸ்லயும், கம்பெனி பதியுற எஸ்எஸ்எம்லயும் பேரு யாரோடதுன்னு தேடிப் பாரு.

ரெண்டாவது, வியாபாரம் தனி ஆளு பேர்ல சும்மா எண்டர்பிரைஸா பதிஞ்சிருக்கா, இல்ல செண்டிரியான் பெர்ஹாட்டா, அதாவது பிரைவேட் லிமிடெட் கம்பெனியாவா? தனி ஆளு பேர்ல இருந்தா அவரோடயே பேங்க் கணக்கு முடங்கும். மதுபான லைசன் யாரு பேர்ல இருக்குன்னும் பாரு, சரக்கு கெடங்குல இருந்தும் லைசன் இல்லன்னா ஒரு போத்தல விக்க முடியாது. செண்டிரியான் பெர்ஹாட் ஆக்கி உன்ன டைரக்டரா இப்பவே போடச் சொல்லு, செக்குல ரெண்டு கையெழுத்து வேணும்னு பேங்க்ல மாத்தச் சொல்லு. மூணாவது உயில். அப்பா கையெழுத்துப் போடுறப்ப ரெண்டு சாட்சி சேந்து இருக்கணும், சொத்து வாங்கப் போற ஆளும் அவங்க புருஷன் பொண்டாட்டியும் சாட்சி போடக்கூடாது, போட்டா அவங்களுக்கு எழுதுனது செல்லாமப் போயிடும். அதனால பாசத்துல நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டுடாத.

அப்பாகிட்ட எப்படிப் பேசுறதுன்னு கேக்குறியா, சாவப் பத்திப் பேசாத. அடுத்த தடவ சப்ளையர் வர்றப்ப, ஹோட்டல்காரங்களப் பாக்கப் போறப்ப, "என்னையும் கூட்டிட்டுப் போங்கப்பா, இது என் மக, இனி இவகிட்டயே பேசுங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க"ன்னு கேளு. அப்பா உயிரோட இருக்கிறப்ப அவரு வாயால சொல்ற அந்த ஒரு வார்த்தைய நாளைக்கு எந்த வக்கீலாலயும் வாங்கித் தர முடியாது.

கேள்வி: தோட்டப்புறத்துல கள்ளாலயும் சம்சுங்கிற மலிவு சாராயத்தாலயும் நம்ம சனம் அழிஞ்சது போதாதா? ஒயின் வியாபாரம் பண்ற பணக்காரப் பொண்ணப் பத்தி ஒரு தமிழ்ப் பத்திரிகையில பெருமையா எழுதணுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆயர் ஈத்தாம்)

பதில்: ஐயா, உங்க கோவம் நியாயமானது. வெள்ளைக்காரன் காலத்துல தோட்டத்துக்குள்ளயே கள்ளுக்கடை, வாங்குன சம்பளம் அந்த சாயங்காலமே அங்க திரும்பிப் போச்சு. 1946, 47ல கெடாவுல, பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்துல ஏ.எம். சாமி தலைமையில தொண்டர் படை கெளம்பி கள்ளுக்கடைய மறிச்சாங்க, அதுக்காக அடியும் பட்டாங்க, ஜெயிலுக்கும் போனாங்க. அந்தப் போராட்டத்த மறந்துட்டு நான் எழுதல.

ஆனா இந்த வியாபாரம் நம்ம ஆளுங்க சில பேரு கையில சட்டப்படி நடக்குது, அதுக்கு வாரிசா பொண்ணுங்க இருக்காங்க, அவங்க கேள்வி கேட்டா நான் மொகத்தத் திருப்பிக்க மாட்டேன். வாரிசா வர்ற பொண்ணுகிட்ட நான் கேக்குறது ஒண்ணு. லாபத்தோட சேத்து பொறுப்பையும் எடுத்துக்க. 2017 டிசம்பர் 1லேருந்து இங்க 21 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு விக்கக் கூடாது, கடைப் பையன் ஐசி, அதான் அடையாள கார்டு, கேக்குறானான்னு நீயே போய் நின்னு பாரு. மலிவு சம்சு போத்தல்தான் சீக்கிரம் காசாகும், அத உன் கடையில வைக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்றது நீதான், நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

கேள்வி: என் கணவர் போன வருஷம் திடீர்னு தவறிட்டாரு. அவரு ஒயின் இறக்குமதி பண்ணி சின்னதா ஒரு கடை நடத்துனாரு, போட்ட முதல் மாமனாரோடது. இப்ப மாமனாரு கடைய மூடிடலாங்கிறாரு. எனக்கு ஒரு பொண்ணு, ஆறு வயசு. (இல்லத்தரசி, பங்சார்)

பதில்: உங்களுக்காக ஒருத்தங்கள மட்டும் சொல்றேன். பார்ப்-நிக்கோல் பொன்ஸார்டின், பிரான்ஸ்ல ரான்ஸ் ஊரு, 1777ல பொறந்தவங்க, பெரிய துணி வியாபாரி மக, கிளிக்கோ குடும்பத்துல வாக்கப்பட்டாங்க. 1805ல புருஷன் இறந்தப்ப அவங்களுக்கு வயசு 27, கையில சின்னப் பொண்ணு ஒண்ணு. மாமனாரு பிலிப் கிளிக்கோ, மகன் போன துக்கத்துல கம்பெனிய மூடிடுறேன்னாரு. அச்சு அசல் உங்க நெலமை. இவங்க நேரா மாமனாருகிட்ட போய் நான் நடத்துறேன்னு கேட்டாங்க. அந்தக் காலத்து பிரெஞ்சு சட்டத்துல கல்யாணமான பொண்ணு புருஷன் சம்மதம் இல்லாம வியாபாரம் பண்ண முடியாது, புருஷன இழந்தவங்க பண்ணலாம். மாமனாரு ஒரு நிபந்தனை போட்டாரு, அனுபவசாலி ஒருத்தரோட கூட்டு சேந்து முதல்ல தொழில் கத்துக்கணும். நாலு வருஷம் கத்துக்கிட்டாங்க. அப்புறம் 1810லேருந்து தனியாத்தான்.

அந்த நாலு வருஷத்துலயும் லாபம் ஒண்ணும் பெருசா இல்ல, ஐரோப்பா பூரா நெப்போலியன் சண்டை, கப்பல் போக முடியல. 1814ல சண்டை ஓயுற நேரம், மத்த கம்பெனிக்காரங்க முழிக்கிறதுக்கு முன்னாடி பத்தாயிரத்துக்கு மேல போத்தல கப்பல்ல ஏத்தி ரஷ்யாவுக்கு அனுப்பிட்டாங்க, அதுதான் திருப்பம். ஷாம்பெய்ன் அப்ப கலங்கலா இருக்கும், போத்தலுக்குள்ள ஈஸ்ட் செத்து அடியில மண்டியா தங்கிடும். அத எடுக்கிறதுக்கு ஒரு மேசையில ஓட்டை போட்டு போத்தலத் தலைகீழா செருகி, தெனம் கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் திருப்பி மண்டிய எல்லாம் கார்க் பக்கம் எறக்கி, ஒரே மூச்சுல தெறிக்க விடுற முறைய இவங்க பாதாள அறையிலதான் கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் ஷாம்பெய்ன் தெளிவா இருக்கிறது அதனாலதான்.

நீங்க மாமனாருகிட்ட சண்டைக்குப் போகாதீங்க. உயில் இல்லாம கணவர் போயிருந்தா, மாமனாரு உயிரோட இருக்கிறதால கணவர் பேர்ல இருந்த சொத்துல கணவரோட அப்பா அம்மா பங்குன்னு நாலுல ஒண்ணு இருக்கு, உங்களுக்கு நாலுல ஒண்ணு, பாப்பாவுக்குப் பாதி. நீங்களும் பாப்பாவும் சேந்தா முக்கால் பங்கு. ஆனா உங்க மாமனாருக்குத் தொழில் தெரியும், உங்களுக்குத் தெரியாது. "ரெண்டு வருஷம் கூட நின்னு சொல்லிக் கொடுங்க மாமா, சரிப்படலன்னா நானே மூடுறேன்"னு கேளுங்க. மகன் கடைய மூட அவருக்கும் மனசு வராது, வேற வழி தெரியாமச் சொல்றாருன்னுதான் எனக்குத் தோணுது.

கேள்வி: நான் குடிக்க மாட்டேன், எங்க வீட்டுல சைவம்கூட. அப்பாவோட ஒயின் கடைய எடுத்து நடத்தலாமா? (கல்லூரி மாணவி, ஜெலுத்தோங்)

பதில்: தாராளமா. தொழில்ல இருக்கிறவங்க வாயில வச்சு சுழட்டிட்டு துப்பிடுவாங்க, அதுக்குன்னே பக்கத்துல ஒரு பாத்திரம் இருக்கும். அதுவும் வேண்டாம்னா மூக்கு பாதி வேலையச் செஞ்சிடும், மீதிக்கு நம்பிக்கையான ஒரு ஆள வச்சுக்கணும். டபிள்யூஎஸ்இடின்னு லண்டன்ல 1969ல ஆரம்பிச்ச ஒயின் படிப்பு இருக்கு, கோலாலம்பூர்லயே படிக்கலாம். சில ஒயின்ல மீன் பசை, முட்டை வெள்ளைக் கரு போட்டுத் தெளிய வைப்பாங்க, சைவக் கஸ்டமருக்கு அத எடுத்துச் சொல்ற கடைக்காரங்க நம்ம ஊருல கொறைச்சல், நீ சொல்லலாம்.

கேள்வி: எங்க மகளுக்குத்தான் சொத்து எல்லாம்னு தெரிஞ்சதுலேருந்து பெரிய எடத்து வரனா வருது. எங்களவிட ரொம்பப் பெரிய ஆளுங்க. மறுக்க பயமா இருக்கு. (ஒரு தாய், செந்தூல்)

பதில்: போர்ச்சுகல்ல தோனா அந்தோனியா ஃபெரெய்ரான்னு ஒருத்தங்க, 1811ல பொறந்தவங்க, டோரோ ஆத்தங்கரையில போர்ட் ஒயின் குடும்பத்து வாரிசு, 33 வயசுல புருஷன இழந்தவங்க. நாட்டுலயே பெரிய அதிகாரத்துல இருந்த சல்தான்யா பிரபு, அவங்க மகள தன் மகனுக்குக் கேட்டாரு. பொண்ணுக்கு வயசு 11. இவங்க மாட்டேன்னுட்டாங்க, மகளக் கூட்டிக்கிட்டு லண்டனுக்கே தப்பிச்சுப் போயிட்டாங்க. அப்புறம் திரும்பி வந்து, பூச்சி நோயில டோரோ தோட்டமெல்லாம் அழிஞ்ச காலத்துலயும் தாக்குப் பிடிச்சு, புதுசு புதுசா தோட்டம் வாங்கி, 1896ல இறக்குறப்ப அந்த ஆத்தங்கரையோட பெரிய சொத்துக்காரங்களா இருந்தாங்க. பெரிய ஆளுக்கு இல்லன்னு சொன்னதால ஒண்ணும் கொறஞ்சு போயிடல. நீங்களும் சொல்லுங்கம்மா, முதல்ல மககிட்ட கேட்டுட்டு.

கேள்வி: நாங்க மூணு அக்கா தங்கச்சி, அப்பா மூணு பேருக்கும் சமமா கம்பெனிய எழுதிட்டாரு. நானும் நடு தங்கச்சியும் வேலை பாக்குறோம், கடைசித் தங்கச்சி மெல்பர்ன்ல செட்டில். லாபத்துல சம பங்கு கேக்குறா. (பெட்டாலிங் ஜெயா)

பதில்: கேக்குறது அவ உரிமை, பங்குக்காரி இல்லையா. வேலை பாக்குற ரெண்டு பேருக்கும் சம்பளம் தனி, லாபம் தனின்னு நீங்க பிரிக்காம விட்டதுலதான் சிக்கல். மார்க்கெட்ல ஒரு மேனேஜருக்கு என்ன சம்பளமோ அத ரெண்டு பேரும் எடுத்துக்குங்க, மிச்சம் நிக்கிற லாபத்த மூணாப் பிரிங்க, பாதி சண்டை தீந்துடும்.

இத்தாலியில அந்தினோரி குடும்பம் 1385லேருந்து ஒயின்ல இருக்கு. அங்கயும் இப்ப மூணு பொண்ணுங்க, அல்பியேரா, அல்லெக்ரா, அலெஸ்ஸியா, மூத்தவங்க அல்பியேராதான் தலைவர், அந்தக் குடும்பத்துல அந்த நாற்காலியில உக்காந்த முதல் பொண்ணு. ஆனா அதுக்கு முந்தின தலைமுறையில அவங்க அப்பா பியேரோவோட கூடப் பொறந்தவங்க பங்கக் காசாக்கி வெளிய போக நெனைச்சப்ப, வெளி ஆளுக்கு, பிரிட்டிஷ் பீர் கம்பெனி விட்பிரட்டுக்கு, பங்கு போயிடுச்சு. 1991லதான் மீட்டாரு. பர்கண்டியில லலூ பீஸ்-லெருவா, அப்பா வழியா வந்த பங்கால ரோமனே-கோன்டி தோட்டத்த 1974லேருந்து சேந்து நிர்வகிச்சவங்க, ஒயின் ருசிக்கிறதுல அவங்களுக்கு இணை இல்லம்பாங்க, பங்காளிங்களுக்குள்ள வந்த தகராறுல 1992ல வெளிய அனுப்பிட்டாங்க. திறமை இருந்தும் காப்பாத்தல.

அதனால மூணு பேரும் நல்லா பேசிக்கிட்டு இருக்கிறப்பவே, ஒருத்தி வெளிய போகணும்னா பங்குக்கு விலை யாரு போடுறது, மத்த ரெண்டு பேருக்கு முதல்ல வாங்குற உரிமை எத்தன மாசம், பணத்த எத்தன தவணையில கொடுக்கலாம்னு வக்கீல வச்சு எழுதிக்குங்க. மெல்பர்ன் தங்கச்சி அடுத்த தடவ தீபாவளிக்கு வர்றப்ப கையெழுத்து வாங்கிடுங்க, மாப்பிள்ளைங்க மூணு பேரையும் அந்தக் கூட்டத்துல உக்கார வைக்காதீங்க.